மாட்டுத் தொட்டியில் ஒரு குளியல்

ஆஸ்திரேலியாவுக்குப் போய்வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது கங்காருவைத்தான். நான் பார்த்தவை நாற்பத்தொன்று. அவற்றில் முப்பத்தாறு லாரியில் அடிபட்டுச் சாலையோரம் கிடந்தவை. உயிரோடு குதித்தவை ஐந்து. ஊர் திரும்பி நாலு மாதமாகிறது. ஆரம்பாக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லியே தப்பித்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது ஒரு மாட்டுத் தொட்டியைப் பற்றி. அதை இதுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வயது எழுபத்தொன்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையின் ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். நட்டு, போல்ட், பேரிங் என்று எண்ணியே காலம் போனதால், ஓய்வு பெற்ற பிறகும் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும் பழக்கம் நிற்கவில்லை. ஊரில் இரண்டரை ஏக்கர் நெல் வயலும் ஒரு மோட்டார் கொட்டகையும் உண்டு. கொட்டகைத் தொட்டியில் தினம் இரண்டு வேளை குளியல். குழாயிலிருந்து விழும் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால்தான் எனக்குக் குளித்த மாதிரி.

மகள் தேவகியும் மாப்பிள்ளை பாஸ்கரும் குயின்ஸ்லாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் இருக்கிறார்கள். பாஸ்கர் செவ்வாப்பேட்டைக்காரர். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டே கல்லூரி முடித்தவர். இப்போது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பெரிய வண்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். எங்களை அதில் ஏற்றி, மாட்டுப் பண்ணைகள் மட்டுமே இருக்கும் உள்நாட்டுக்கு ஒன்பது நாள் கூட்டிப்போவதாகத் திட்டம். கூடாரம்தான் வீடு.

கிளம்பும் அன்று வண்டியில் ஏற்றிய சாமான்களை எண்ணினேன். நாற்பத்தாறு உருப்படி. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஆறு. நாலு பேர், ஒன்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டரும் கொஞ்சமும்.

"குளிக்கறதுக்கு?" என்றேன்.

"ஈரத் துண்டு பாக்கெட் வாங்கியிருக்கேன் மாமா. தொடைச்சிக்கினா போதும்" என்றார் பாஸ்கர்.

என் மனைவி கன்னியம்மா சிரித்துவிட்டாள். "கைக்கொழந்தைக்குத் தொடைக்கிற மாதிரி தொடைச்சி வுட்டுடறேன், வாங்க."

"நைனா, ஒம்போது நாள் குளிக்கலன்னா இன்னா ஆயிடப் போவுது? பேஜாரு பண்ணாம ஏறுங்க" என்றாள் தேவகி.

ஏறினேன்.

இரண்டாம் நாள் தார்ச் சாலை முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒட்டிய சாப்பாட்டுக் கடை. உள்ளே மாட்டிறைச்சி வைத்த ரொட்டி மட்டும்தான் இருந்தது. நாங்கள் வெளியே மரத்தடியில் தேவகி கட்டி வந்த புளிச்சாதத்தைப் பிரித்தோம். எதிரே மூன்று பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும் மாட்டு லாரி நின்றது. நம் ஊரில் அப்படி ஒரு லாரி வந்தால் புதுவாயல் கூட்டுரோட்டில் திரும்பவே முடியாது. அதன் சக்கரங்களை எண்ணினேன்.

லாரிக்காரர் தொப்பியைத் தூக்கியபடி வந்து பாஸ்கரிடம் பேசினார். பாஸ்கர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"பெரியவர் இன்னாத்த எண்ணிக்கினு இருக்காருன்னு கேக்கறாரு. உங்க சக்கரத்தத்தான்னு சொன்னேன். அறுபத்திரண்டு, செரமப்பட வேணாங்கறாரு."

நான் எண்ணியது அறுபது. அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டுதான். அவர் எனக்காகக் காத்திருந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் புறப்பட்டார்.

மூன்றாம் நாள் பின் டயர் ஒன்று கிழிந்தது. பாஸ்கர் மாற்றி முடிக்க ஐம்பது நிமிடம். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வந்த வண்டிகள் பூஜ்யம். புதுவாயலில் இருந்து ஆரம்பாக்கம் போவதற்குள் முப்பத்தோரு டீக்கடை எண்ணியிருக்கிறேன். இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர். பாதை முழுக்கச் சலவைப் பலகை மாதிரி வரி வரியாக மேடு பள்ளம். என் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். செம்மண் தூசி பருப்பில் இருந்தது, காபியில் இருந்தது, என் காதுக்குள்ளும் இருந்தது. மூன்று நாள் வியர்வையும் தூசியும் சேர்ந்து உடம்பில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஈரத் துண்டால் துடைத்தால் சிவப்பாக வந்தது. துடைக்கத் துடைக்க எனக்கு எரிச்சல்தான் கூடியது.

நாலாம் நாள் தங்கிய இடம் ஒரு பண்ணைக்குள். நம் கும்மிடிப்பூண்டி தாலுகாவை உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும் என்றார் பாஸ்கர். அதை நடத்துவது ரூத் என்ற அம்மா. பாஸ்கர் முன்கூட்டியே அவரிடம் போனில் அனுமதி கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் அந்த அம்மா சொன்னது எனக்கும் புரிந்தது.

"வேலி ஓரம் தங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தொட்டியை விட்டு அரைக் கிலோமீட்டர் தள்ளி. மனிதர்கள் இருந்தால் மாடுகள் தண்ணீருக்கு வராது. அவற்றுக்கு அந்தப் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது."

நான் எண்ணத் தெரிந்தவன். கேட்கவும் தெரிந்தவன். அரைக் கிலோமீட்டர் என்பது என் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் விடிந்ததும், ஒதுங்கப் போவதாகச் சொல்லி மண்வெட்டியோடு கிளம்பினேன். இடுப்பில் துண்டுக்குள் சோப்பு. தொட்டி வரை அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு.

சிமெண்ட் தொட்டி, நீளம் என் எட்டில் ஏழு. பக்கத்தில் மேடை மேல் பெரிய தகரத் தொட்டி. சூரியத் தகடு வைத்த மோட்டார் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அதை நிரப்புகிறது. அதிலிருந்து வரும் குழாய் சிமெண்ட் தொட்டியின் ஓரத்தில் முடிகிறது. அங்கே நம் வீட்டு மேல்தொட்டியில் இருப்பதுபோல ஒரு மிதவைப் பந்து. தண்ணீர் நிறைந்தால் பந்து மேலே வந்து குழாயை அடைத்துவிடும். மாடு குடித்துத் தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கித் திறந்துவிடும்.

தொட்டித் தண்ணீர் பாசி நாற்றம் அடித்தது. பந்தைக் கையால் அமுக்கினேன். குழாயிலிருந்து சுத்தமான தண்ணீர் கொட்டியது. கையை எடுத்தால் நின்றுபோனது. ஒரு கையால் அமுக்கிக்கொண்டே எப்படிச் சோப்பு போடுவது? கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். பந்தின் கம்பி எழும்பாதபடி அதன் மேல் கல்லை முட்டுக் கொடுத்து வைத்தேன். பிறகு தொட்டிக்குள் இறங்கி, குழாய்க்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு சுகமான குளியல் என் வாழ்நாளில் இரண்டு மூன்றுதான் இருக்கும்.

கண்ணைத் திறந்தபோது மாடுகள் வந்திருந்தன. இருபது அடி தள்ளி வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐம்பத்தேழு வரை எண்ணினேன். நான் மாட்டுக்கு நடுவில் வளர்ந்தவன்தான். ஆனால் எங்கள் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு, பெயர் உண்டு, அதட்டினால் நகரும். இவற்றுக்கு எதுவும் இல்லை. "ஹோ, ஹோ" என்றேன். பெரிய கொம்புக்காளை ஒன்று குரல் கொடுத்துவிட்டு முன்னால் வந்தது. துண்டையும் மண்வெட்டியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினேன். எழுபத்தொரு வயதில், ஈரக் கோவணத்தோடு.

கூடாரத்துக்கு வந்ததும் கன்னியம்மா என் தலையைப் பார்த்தாள். "ஈரமா கீது?"

"பனி" என்றேன்.

மாட்டுக்குப் பயந்து ஓடியதுதான் அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. கூடாரத்தை மடித்தோம், ஏறினோம், போனோம். நாற்பத்தாறு உருப்படியும் வண்டிக்கு வந்து சேர்ந்ததா என்று எண்ணினேன். கல்லை எண்ணவில்லை.

அன்று மாலை நூற்று எழுபது கிலோமீட்டர் தள்ளி இறங்கினோம். தேவகி ஒரே சொம்புத் தண்ணீரில் நாலு தட்டையும் கழுவினாள். கடைசித் தட்டின் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு செடிக்கு ஊற்றினாள். பாஸ்கர் கேனின் குழாயை இறுக்கி, சொட்டுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்குக் கல் ஞாபகம் வந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கல் தானாக வழுக்கி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாடு முட்டித் தள்ளியிருக்கும். யாராவது வந்து பார்த்திருப்பார்கள். இப்படி ஏழு காரணம் எண்ணினேன். மாப்பிள்ளை முன்னால் திருட்டுக் குளியலை ஒப்புக்கொள்ள வேண்டுமே என்பதுதான் எட்டாவது காரணம், உண்மையான காரணம். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் காலை கன்னியம்மாவிடம் சொன்னேன். அவள் நாஷ்டாவுக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"இன்னா மனுசன்யா நீ? குடிக்கிற தண்ணியில குந்திக்கினு குளிச்சதும் இல்லாம, தொறந்து வுட்டுட்டா வந்தே?" முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "மாப்ளகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நானே சொன்னேன். பாஸ்கர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியில் இருந்த செயற்கைக்கோள் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். திரும்பி வந்து, "அந்தம்மா தொண்ணூறு கிலோமீட்டர்ல இருக்காங்க. தண்ணி ரொப்பி ஏத்திக்க நேரமாவுமாம். வராங்க. நாமளும் போறோம்" என்றார்.

"இன்னான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் தேவகி.

"கெளம்பும்போது வால்வு மாட்டிக்கின மாதிரி தெரிஞ்சுது, இப்பதான் சந்தேகம் வந்துதுன்னு சொன்னேன். மாமா, அங்க நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பாத்துக்கறேன்."

"ஆமா நைனா. வாயத் தொறக்காதீங்க" என்றாள் தேவகி.

அதே நூற்று எழுபது கிலோமீட்டர் திரும்பிப் போனோம். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசா ஆட்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மோட்டார் தொட்டிக்குக் குளிக்க வருவார்கள். ஷெட்டில் இருபது பேருக்கு ஒரு குழாய் என்று சொல்லிக் கெஞ்சினார்கள். சோப்புத் தண்ணீர் நெல்லுக்குப் போகிறது என்று கத்தி, தொட்டியைச் சுற்றிப் பதினெட்டு மீட்டர் முள்கம்பி கட்டினேன். அவர்கள் குளித்துவிட்டுக் குழாயைத் திறந்துபோட்டு ஓடியதில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. தொட்டியைச் சுற்றி வயல் மாதிரி சேறு. நடவுக்கு ஓட்டிய வயலை நான் பார்த்திருக்கிறேன்; அதே மாதிரி. மேடைத் தொட்டியைத் தட்டினால் வெறும் பாத்திரச் சத்தம். சிமெண்ட் தொட்டியின் அடியில் எஞ்சிய கலங்கலை நக்க மாடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. மெலிந்த பசுக்கள் நாலு சேற்றில் வயிறு வரை புதைந்து கிடந்தன.

பாஸ்கர் நேராகத் தொட்டிக்குப் போய்க் கல்லை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். வேலிக்கு அப்பால் வீசினார். எனக்காகத்தான் வீசினார். அவர் கை சேறாகியிருந்தது. கழுவத் தொட்டியில் தண்ணீர் இல்லை.

ரூத் அம்மாவின் வண்டி அரைமணியில் வந்தது. அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெயிலில் வெந்த முகம். வண்டியின் பின்னால் ஆயிரம் லிட்டர் தண்ணீர்ப் பெட்டி. வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் தண்ணீரைத் தொட்டிக்குத் திறந்துவிட்டு, அகலமான நாடாவை எடுத்தார். பசுவின் பின்பக்கமாக நாடாவைச் சுற்றி, மறுமுனையை வண்டியில் மாட்டி, மெல்ல இழுக்க வேண்டும். பாஸ்கர் வண்டியை ஓட்டினார். நானும் கன்னியம்மாவும் கையால் சேற்றைத் தோண்டிக் கால்களை விடுவித்தோம். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றாவது தானே எழுந்து ஓடியது.

நாலாவது பசு வெளியே வந்தும் எழவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றும், பின்பக்கம் விழுந்துவிடும். ஆறு முறை முயன்றது. இடுப்பு போய்விட்டது என்று ரூத் அம்மா சைகையால் காட்டினார். வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார்.

"வண்டிக்குள்ள போயிடறீங்களான்னு கேக்கறாங்க நைனா. உங்க வழக்கம் தெரியும்கறாங்க" என்றாள் தேவகி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான் போகவில்லை. போயிருந்தால் இன்னும் கேவலம். ஒரே சத்தம். கன்னியம்மா கையிலிருந்த சேற்றோடு முகத்தை மூடிக்கொண்டாள். தள்ளி நின்ற ஒரு கன்று வந்து அந்தப் பசுவின் மடியை முகர்ந்தது.

பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். ரூத் அம்மா எங்களுக்கு நன்றி சொன்னார். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். டப்பாவைத் திறந்து கேக் துண்டு கொடுத்தார்.

"இவ்வளவு தூரம் யார் திரும்பி வருவார்கள்?" என்று அவர் சொன்னது எனக்கு நேராகவே புரிந்தது. "நீங்கள் போன் செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு நாள் கழித்துத்தான் இந்தப் பக்கம் வந்திருப்பேன். இருநூறு மாடும் போயிருக்கும்."

பாஸ்கர் தலையை ஆட்டினார். தேவகி தரையைப் பார்த்தாள். நான் கேக்கைத் தின்றேன். இரண்டு துண்டு. தொண்டையில் இறங்கியது என்பதுதான் ஆச்சரியம்.

ரூத் அம்மா வண்டி முன்பக்கத்தில் ஒரு தடித்த நோட்டை விரித்து வைத்து எழுத ஆரம்பித்தார். எந்தத் தொட்டி, எந்தத் தேதி, செத்த பசுவின் காதில் இருந்த எண். எழுதிக்கொண்டே, பாதி தனக்குத்தானே பேசினார்.

"போன வாரம் இந்த வால்வை மாற்றியவன் டேனி. சரியாகப் பூட்டினாயா என்று இரண்டு தடவை கேட்டேன். பூட்டினேன் என்றான். ஏற்கனவே ஒரு தடவை எச்சரித்து விட்டிருக்கிறேன். இந்தத் தடவை அவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"டேனி யாரு?" என்று தேவகியிடம் தமிழில் கேட்டேன்.

"அவங்க வேலையாளு. வுடுங்க நைனா."

"வுடுங்க மாமா" என்றார் பாஸ்கரும், ரூத் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடியே.

ஸ்டோர்ஸில் இருந்த முப்பத்திரண்டு வருடமும் நான் எழுதிய ஆங்கிலம் பொருள், எண்ணிக்கை, காரணம் என்ற மூன்று கட்டத்துக்குள் அடங்கியது. அதில்தான் பேசினேன். பல்செட் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு பேசினேன்.

"அம்மா, டேனி இல்லை. நான். ஒரு கல். வால்வின் மேல் நான் வைத்தேன். எடுக்க மறந்தேன். நேற்று மாலையே ஞாபகம் வந்தது. இன்று காலைதான் சொன்னேன்."

தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாஸ்கரின் சிரிப்பு போகாமல் முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. கன்னியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்து என் பக்கத்தில் நின்றாள்.

ரூத் அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எதற்காக வைத்தீர்கள்?"

"குளிக்க."

அவர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். செத்த பசுவைப் பார்த்தார். மறுபடி என்னை.

"குளியல் நன்றாக இருந்ததா?"

கேலியாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நன்றாக இருந்தது" என்றேன்.

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொடுத்த டீக் கோப்பைகளைத் திரும்ப வாங்கி, மிச்சத்தைத் தரையில் கொட்டாமல் தொட்டிக்குள் ஊற்றினார். பேனாவை எடுத்து, எழுதியிருந்த டேனி என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். நோட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல் என் பெயரைக் கேட்டார்.

எத்திராஜுலு என்றேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். அவருடைய மொழியில் பத்து எழுத்து. சேறு காய்ந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஒன்றொன்றாகச் சொன்னேன். ஆறாவது எழுத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.